முத்திரைக்குப் பின் மாறும் முகப்பு: கோலார் தங்கவயலின் சுவர்களும் கூரைகளும் சட்டமும்

கட்டட அனுமதி என்பது வரைபடத்தின் மீது விழும் முத்திரை. மனையின் எல்லை, சாலையிலிருந்து விட வேண்டிய இடம், தளங்களின் எண்ணிக்கை, உயரம், மொத்தத் தளப்பரப்பு ஆகியவை அந்த வரைபடத்தில் அளவோடு இருக்கும். வெளிச்சுவரைப் பூசுவதா, செங்கல் தெரிய விடுவதா, கருங்கல் பதிப்பதா, அலுமினியப் பலகை அடிப்பதா, என்ன நிறம் என்பவை ஓரக் குறிப்பாக இருந்தால் உண்டு. வேலை இழுத்துக்கொண்டு போகும்போதும், கையில் பணம் குறையும்போதும், கடைக்காரர் புதுச் சரக்கு ஒன்றைக் காட்டும்போதும் முதலில் மாறுவது இந்தப் பகுதிதான். அப்படி மாற்றினால் மறுபடி அனுமதி வேண்டுமா, யாரிடம் கேட்பது, கேட்காமல் மாற்றினால் என்ன நடக்கும் என்ற கேள்விகளுக்கு இந்தியச் சட்டத்தில் ஒரே இடத்தில் விடை கிடைப்பதில்லை. கோலார் தங்கவயலில் அந்த விடை மேலும் சிதறிக் கிடக்கிறது. ஊரின் பெரும்பகுதி நகரசபை முத்திரையால் எழுந்ததல்ல, சுரங்கக் கம்பெனியின் உத்தரவால் எழுந்தது.

கம்பெனி நிலமும் பேட்டையும்

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே தங்கம் தோண்ட வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊர்காம், கோரமண்டல் பகுதிகளில் ஒரு சுவரை எதனால் எழுப்புவது என்று முடிவு செய்தது சுரங்க நிர்வாகம். 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் அவை பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமாயின. உடைமையாளர் மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை. நிலம், வேலை, வீடு, பராமரிப்பு எல்லாம் ஒரே கையில் இருந்தன. குடியிருப்பவர் வாடகைக்காரர்கூட அல்ல, பணியின் பேரில் இடம் பெற்றவர். சுவரின் நிறத்தில் அவருக்குச் சொல் இல்லை.

தொழிலாளர்களின் முதல் குடியிருப்புகள் மூங்கில் தட்டியால் ஆனவை. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், இந்தத் தட்டி வீட்டு வரிசைகளில், அதாவது லைன்களில், வாழ்ந்தார்கள். ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாக்கள் கல்லும் செங்கல்லும் மங்களூர் ஓடுமாக, சுற்றிலும் வராந்தாவும் தோட்டமுமாக எழுந்தன. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் தென்னிந்தியா முழுவதும் பரவியிருந்த காலம் அது. 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு இரயில்பாதை போடப்பட்டதும் ஓடும் இரும்புத் தகடும் கனச் சரக்காக வந்து இறங்க வழி பிறந்தது. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அந்த மின்சாரம் ஓட்டிய இயந்திரக் கொட்டகைகளுக்கு அருகிலேயே தட்டிச் சுவர்கள் நின்றன. கூரையைப் பார்த்தே உள்ளே இருப்பவரின் பதவியைச் சொல்லிவிடலாம் என்ற நிலை. வெளிப்புறப் பொருள் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதல்ல. யாருக்கு எவ்வளவு செலவழிப்பது என்ற கணக்கு அதில் வெளிப்படையாகத் தெரிந்தது.

தட்டி போய்ச் செங்கல்லும் கல்லும் தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் லைன்களுக்கு வந்தது மெதுவாக, பல பத்தாண்டுகளில். 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக், மைசூர் சமஸ்தானம் முழுவதும் வீட்டுப் பொருள்களைப் பற்றிய அதிகாரிகளின் பார்வையை மாற்றியது. எலி தங்கும் கூரையும் காற்று வராத சுவரும் சுகாதாரக் குற்றங்களாயின. சுண்ணாம்பு அடிப்பதற்கும் அன்று அலங்காரத்தைவிடக் கிருமிநாசினி என்ற மதிப்பே அதிகம். இந்தப் பார்வை இந்தியத் தொழிற்சட்டத்தில் பின்னரும் நெடுங்காலம் தங்கியிருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 11-ஆவது பிரிவில், உட்சுவர்களுக்குச் சுண்ணாம்போ வண்ணச் சுண்ணாம்போ அடித்திருந்தால் பதினான்கு மாதங்களுக்கு ஒருமுறையாவது மறுபடி அடிக்க வேண்டும் என்றது. சுவருக்கு நிறம் பூசக் கட்டாயப்படுத்திய அரிதான சட்டவிதி அது. அதுவும் தூய்மைக்காக, தோற்றத்துக்காக அல்ல.

கம்பெனி நிலத்துக்கு வெளியே பேட்டைகள் வேறு கதை. 1896 முதல் 1903 வரை மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சர் டொனால்ட் ராபர்ட்சனின் பெயர் தாங்கிய ராபர்ட்சன்பேட்டை, நேர்கோட்டுத் தெருக்களோடு திட்டமிட்டு அமைந்த வணிகர் ஊர். அதன் தோழமை ஊர் ஆண்டர்சன்பேட்டை. இங்கே மனை தனியாருடையது. முகப்பு கடைக்காரரின் விருப்பம். ஒரே ஊருக்குள் இப்படி இரண்டு முறைகள் நூறாண்டு அருகருகே நடந்தன. ஒன்றில் நில உடைமையாளர் சொன்னதே நிறம். மற்றொன்றில் அளவு மட்டும் அதிகாரியின் வேலை, மற்றதெல்லாம் வீட்டுக்காரரின் வேலை.

நிலத்துக்கு அடியில் இருந்து வந்த காரணம்

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்தில் பாறை தன் அழுத்தத்தைத் திடீரெனக் கொட்டித் தீர்க்கும். பாறை வெடிப்பு என்று பொறியாளர்கள் சொல்வது அது. 1952-இலும் 1962-இலும் ஏற்பட்ட பெரும் பாறை வெடிப்புகளின் அதிர்ச்சி மேலே இருந்த கட்டடங்களையும் உலுக்கியது. 1988-இல் தேசியப் பாறைப் பொறியியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டதன் பின்னணி இதுதான். இப்படிப்பட்ட நிலத்தில் கூரையின் எடை வெறும் விலைக் கணக்கு ஆகாது.

எடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது விளங்கும். நெளித்தகரம் ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவுக்குள் அடங்கும். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் ஏறத்தாழ பதினைந்து கிலோ. மங்களூர் ஓடும் அதைத் தாங்கும் ரீப்பரும் சேர்ந்து சுமார் 65 கிலோ. நான்கு அங்குலக் கான்கிரீட் தளம் 250 கிலோ. தகரக் கூரைக்கு எழுப்பிய மெல்லிய சுவரின் மேல் கான்கிரீட் தளம் போடும்போது சுவரின் தலையில் இருபத்தைந்து மடங்குச் சுமை ஏறுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கூரையின் பொருள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கட்டடத்துக்கு நடந்திருப்பது அமைப்பு மாற்றம்.

வெளிச்சுவரில் கல் பதிப்பதும் இதே வகை. 25 மில்லிமீட்டர் கிரானைட் பலகை ஒரு சதுர மீட்டருக்கு 66 கிலோ வரை கனக்கும். அதைப் பிடிக்கும் சாந்தையும் சேர்த்தால் சுவர் இரண்டு அங்குலம்வரை வெளியே வருகிறது. அந்த இரண்டு அங்குலம், சாலையோரம் விட வேண்டிய இடத்திலிருந்து எடுக்கப்படுவது. குறுகிய மனைகள் நிறைந்த பேட்டைத் தெருக்களில், வரைபடத்தின்படி சரியாகக் கட்டிய வீடு, கல் பதித்த மறுநாள் அளந்தால் மீறலாகிவிடலாம்.

பூச்சிலும் ஒரு பொறி இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டபடி இருக்கும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் அதன்மேல் அக்ரிலிக் எமல்ஷனும் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடியத் தொடங்குகிறது. வீட்டுக்காரர் மறுபடியும் பூசுகிறார். பிரச்சினை மேலும் ஆழத்துக்குப் போகிறது. தங்கவயலில் இத்தோடு தூசியும் சேரும். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவுமணல், ஊர்க்காரர் சொல்லும் சயனைடு மேடுகள், கோடைக் காற்றில் நுண்தூளாகப் பறந்து சுவர்களிலும் கூரைகளிலும் படிகிறது. 2018-இல் வெளிவந்த கன்னடத் திரைப்படம் தங்கவயலைக் கரிய ஊராகக் காட்டியது. உண்மையில் அந்த மேடுகள் வெளிறியவை. இங்கே எந்த நிறம் அடித்தாலும் அதன்மேல் ஊர் தன் நிறத்தையும் கொஞ்சம் அடித்துவிடும்.

2001-க்குப் பின்

சுரங்கம் மூடியதும் பராமரிப்பும் நின்றது. வேலை போனவர்கள் லைன் வீடுகளிலேயே தங்கினார்கள். விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய்த் திரும்பினார்கள். வீட்டின் மீதான உரிமைக் கேள்வி வழக்குகளிலும் அரசுக் கோப்புகளிலும் நீண்ட காலம் இழுபட்டது. உரிமை உறுதியாகும்வரை மழை காத்திருக்காது. ஒழுகிய இடத்தில் ஷீட் போடப்பட்டது. பிள்ளைகளுக்கு வேலை கிடைத்த வீடுகளில் முன்புறம் இழுத்துக் கட்டப்பட்டது, டைல்ஸ் ஒட்டப்பட்டது, சுவர் பச்சையும் ஊதாவும் ஆரஞ்சும் ஆனது. ஒரே அளவில், ஒரே பொருளில், ஒரே முகத்தோடு நின்ற வரிசை, ஒவ்வொரு குடும்பத்தின் வருமானத்தையும் காட்டும் வரிசையாக மாறியது.

இந்த மாற்றத்தைப் பழைய அழகின் சிதைவாகப் பார்க்கும் கட்டடக்கலைக் கண் ஒன்று உண்டு. அந்தப் பார்வையில் பாதியே உண்மை. பங்களாக்களைப் பொறுத்தவரை இழப்பு உண்மையானது: ஓடு இறங்கி ஷீட் ஏறியபோது வராந்தாவின் விகிதமும் நிழலும் போயின, மழைநீர் சுவரில் வழியத் தொடங்கியது. லைன்களில் காக்கப்பட வேண்டிய மூலத் தோற்றம் எது என்பதே கேள்வி. மூங்கில் தட்டியா, அதன்பின் வந்த தகரமா, பொதுத்துறைக் காலத்து ஆஸ்பெஸ்டாஸா? அங்கே ஒருவர் தாமே தேர்ந்தெடுத்து அடித்த முதல் நிறம் 2001-க்குப் பின் வந்ததாக இருக்கலாம்.

சட்டம் எதைப் பார்க்கிறது

பேட்டைகளில் இன்று கட்டட அனுமதி தருவது ராபர்ட்சன்பேட்டை நகரசபை. நில உபயோகத் திட்டம் கே.ஜி.எஃப். நகர வளர்ச்சி ஆணையத்தின் கையில். இரண்டுக்கும் அடித்தளமான சட்டங்கள் 1964-ஆம் ஆண்டின் கர்நாடக நகராட்சிகள் சட்டமும் 1961-ஆம் ஆண்டின் கர்நாடக நகர ஊரமைப்புச் சட்டமும். நகராட்சிகள் சட்டத்தின் 187-ஆவது பிரிவு, புதிதாகக் கட்டுவதற்கு முன்பு மட்டுமல்லாமல், இருக்கும் கட்டடத்தை வெளிப்புறமாக மாற்றுவதற்கு முன்பும் எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது. ஊரமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு எதிர்ப்பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வருகிறது: கட்டடத்தின் உட்புறத்தை மட்டும் பாதிக்கும் வேலைகளும், வெளித்தோற்றத்தைக் கணிசமாகப் பாதிக்காத பராமரிப்பு வேலைகளும் 'வளர்ச்சி' என்ற வரையறைக்குள் வரா. அப்படியானால் வெளித்தோற்றத்தைக் கணிசமாக மாற்றும் வேலை வரும் என்றாகிறது. இந்த வாசகம் பிரிட்டனின் 1947-ஆம் ஆண்டு ஊரமைப்புச் சட்டத்திலிருந்து வந்தது.

ஏட்டில் இவ்வளவு அகலமான அதிகாரம் இருந்தும் நடைமுறையில் அது சுருங்கிவிட்டது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, அனுமதி தேவைப்படாத வேலைகளைப் பட்டியலிடும்போது பூச்சு வேலை, கூரையை மீண்டும் வேய்தல், தளம் போடுதல், சுண்ணாம்பு அடித்தல், வண்ணம் பூசுதல் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறது. அனுமதி பெற்ற வரைபடத்திலிருந்து கணிசமாக விலகினால் முன்கூட்டித் திருத்த அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லும் அதே நெறித்தொகுப்பு, இந்தப் பட்டியலை அதற்கு விலக்காக்குகிறது. பெங்களூர் மாநகராட்சியின் 2003 துணைவிதிகள் சிறு மீறல்களை முறைப்படுத்த 5 விழுக்காடு வரை இடம் தந்தன. அந்த விழுக்காடு எவற்றுக்குப் பொருந்தும்? விட வேண்டிய இடம், மனையில் கட்டிய பரப்பு, தளப்பரப்புக் குறியீடு, உயரம். நிறத்தில் ஐந்து விழுக்காடு மீறல் என்று ஒன்று கிடையாது. அளக்க முடிந்ததை மட்டுமே இந்தியக் கட்டட நிர்வாகம் மீறலாக எண்ணப் பழகியிருக்கிறது.

முகப்பைப் பற்றிய கறாரான விதி ஒன்று கர்நாடகத்தில் அண்மையில் வந்தது. அது கட்டடச் சட்டத்தில் இல்லை. 2024-இல் திருத்தப்பட்ட கன்னட மொழி வளர்ச்சிச் சட்டத்தில் இருக்கிறது. வணிக நிறுவனங்களின் பெயர்ப் பலகையில் 60 விழுக்காடு கன்னடமாக இருக்க வேண்டும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் ராபர்ட்சன்பேட்டையில், ஒரு கடைக்காரர் முகப்பு முழுவதையும் ஏ.சி.பி. ஷீட்டால், அதாவது அலுமினியக் கூட்டுப்பலகையால், மூடினால் யாரும் கேட்க வாய்ப்பில்லை. அதன்மேல் என்ன எழுதுகிறார் என்பதைக் கேட்பார்கள்.

ஏ.சி.பி. ஷீட்டைக் கேட்காமல் விடுவது சரியா என்பதற்கு இலண்டனில் விடை கிடைத்தது.

கிரென்ஃபெல்

இங்கிலாந்தில் வெளிப்புறப் பொருள் மேல் அதிகாரம் ஏட்டோடு நிற்பதில்லை. அனுமதி தரும்போதே, வெளிச்சுவர்ப் பொருள்களின் மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே அந்தப் பகுதி வேலையைத் தொடங்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். பின்னால் மாற்ற விரும்பினால், 1990-ஆம் ஆண்டு ஊரமைப்புச் சட்டத்தில் இரண்டு வழிகள். மாற்றம் சிறிதாக இருந்தால் 96ஏ பிரிவின் கீழ் திருத்தம். நிபந்தனையையே மாற்ற வேண்டுமானால் 73-ஆவது பிரிவின் கீழ் புது விண்ணப்பம். செங்கல்லின் நிறம் ஒரு சாயல் மாறினாலும் விண்ணப்பம் போடும் நாடு அது.

இவ்வளவு கவனத்துக்கு நடுவில்தான் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. 24 மாடிகள் கொண்ட அந்தக் கான்கிரீட் குடியிருப்புக்கு வெளியே புதுப் போர்வை அமைக்கும் திட்டத்துக்கு 2014 தொடக்கத்தில் அனுமதி கிடைத்தது. முதலில் எண்ணியது துத்தநாகப் பலகை. செலவைக் குறைப்பதற்காக அது பாலிஎத்திலீன் உட்கரு கொண்ட அலுமினியக் கூட்டுப்பலகையாக மாறியது. மிச்சம் சுமார் 2,93,000 பவுண்டு. ஊரமைப்புப் பிரிவு பார்த்தது பலகையின் தோற்றத்தையும் நிறத்தையும். உட்கரு எரியுமா என்பது கட்டட விதிகளின் கீழ் வேறொரு பிரிவின் வேலை. 2017 ஜூன் 14 அதிகாலையில் ஒரு சமையலறையில் பற்றிய தீ, அந்தப் போர்வை வழியே கட்டடத்தின் உச்சிவரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள்.

2018 இறுதியில் இங்கிலாந்து, 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவரில் எரியும் பொருளைத் தடை செய்தது. 2022-ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, உயரமான குடியிருப்புகளில் ஒப்புதலுக்குப் பின் நிகழும் மாற்றங்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்வதும், பெரிய மாற்றங்களுக்கு ஒழுங்காற்று அமைப்பின் முன் அனுமதி பெறுவதும் கட்டாயமாயின. 2024 செப்டம்பரில் வெளிவந்த விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை, பல ஆண்டு அரசு அலட்சியத்தையும் பொருள் உற்பத்தியாளர்களின் நேர்மையின்மையையும் பெயர் சொல்லிக் குறித்தது.

தங்கவயலில் 24 மாடிக் கட்டடங்கள் இல்லை என்பதால் இந்தப் பாடம் அங்கே பொருந்தாது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு மூன்று மாடிக் கடைகளின் முகப்பை ஜன்னலோடு சேர்த்து மூடும் பலகையின் பின்னால் புகை வெளியேற வழி இருப்பதில்லை. 2016 நெறித்தொகுப்பின் தீப்பாதுகாப்புப் பகுதி, முகப்புப் போர்வைக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஒவ்வொரு மாடியிலும் தீயைத் தாங்கும் பொருளால் அடைக்கச் சொல்கிறது. அனுமதி வாங்கியபோது வெறும் பூச்சுச் சுவராக இருந்து, பிறகு பலகை ஏறிய கட்டடத்தில் இதை யார் சோதிப்பது? வண்ணம் பூசுவதற்கான விலக்கின் நிழலில் பலகை அடிப்பதும் தப்பிவிடுகிறது. பூச்சையும் போர்வையையும் ஒரே பட்டியலில் பார்க்கும் வழக்கம்தான் இந்திய முறையின் மிகப் பெரிய ஓட்டை.

வாங்கியவருக்குத் தந்த வாக்கு

முகப்பு மாற்றத்தை உண்மையிலேயே தடுக்கும் இந்தியச் சட்டம் நுகர்வோர் பக்கத்திலிருந்து வந்தது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா என்று எல்லோரும் சொல்வது, 14-ஆவது பிரிவில் வரைபடத்தோடு நிற்கவில்லை. ஒப்புதல் பெற்ற வரைபடம், மனைப்பிரிவுத் திட்டம், கட்டுமானப் பொருள் விவரம் மூன்றையும் ஒன்றாகக் கட்டுகிறது. வீடு பதிவு செய்தவருக்குக் காட்டிய விவரத்தை அவருடைய சம்மதமின்றிக் கட்டுநர் மாற்றக் கூடாது. கட்டடம் முழுவதையும் பொதுவிடங்களையும் பாதிக்கும் மாற்றத்துக்கு, கட்டுநரைத் தவிர்த்து, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துவழிச் சம்மதம் வேண்டும். கட்டடக்கலை, அமைப்புக் காரணங்களுக்காக அங்கீகாரம் பெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ பரிந்துரைக்கும் சிறு மாற்றங்களுக்கு விலக்கு உண்டு. விளம்பரத்தில் கருங்கல் முகப்பு காட்டி டெக்ஸ்சர் பெயின்ட் அடித்துக் கொடுத்தால் கேள்வி கேட்க இடம் கிடைப்பது இங்கேதான், நகரசபையில் அல்ல.

இந்தச் சட்டத்துக்கும் எல்லை இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்பது அதன் வாசல். தன் மனையில் தானே கட்டிக்கொள்பவரை அது தொடாது. தங்கவயலில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான். 2024 டிசம்பர் 17 அன்று ராஜேந்திர குமார் பர்ஜாத்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு எல்லோரையும் தொடுகிறது. அனுமதி பெற்ற வரைபடம் வேலை நடக்கும் இடத்தில் வைக்கப்பட வேண்டும், அதிகாரிகள் இடையிடையே வந்து பார்க்க வேண்டும், நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரமும் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் தரக் கூடாது. வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த நாளில் வெளிச்சுவர்ப் பொருளும் சரிபார்க்கப்படுமா என்பது, வரைபடத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

ஒரே உடைமையாளர் இருந்த ஊர்கள்

இந்தியாவில் முகப்பைக் கட்டுப்படுத்தி வென்ற ஊர்களுக்குள் ஓர் ஒற்றுமை தெரிகிறது. சண்டிகரில், 1952-ஆம் ஆண்டின் பஞ்சாப் தலைநகர்ச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கட்டடத்தின் முகப்புக் கட்டடக்கலை அம்சங்களைப் பற்றி உத்தரவிட நிர்வாகத்துக்கு நேரடி அதிகாரம் தந்தது. நிலம் முழுவதும் அரசிடமிருந்து விற்கப்பட்டதால் நிபந்தனை பத்திரத்தோடேயே சேர்ந்து வந்தது. ஜெய்ப்பூரின் சுவர் சூழ்ந்த பழைய நகரில் இளஞ்சிவப்பு நிலைத்ததற்கு மகாராஜா இராம்சிங்கின் காலத்து அரச ஆணை தொடக்கம். 2019-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது அந்தக் கட்டுப்பாட்டுக்கு இன்னொரு பிடிப்பைத் தந்தது. மன்னரோ அரசோ கம்பெனியோ, நிலத்தின் மேல் ஒரே அதிகாரம் இருந்த இடத்தில் நிறம் நின்றது. பல உடைமையாளர் கொண்ட ஊரில், பொது விதியின் வலிமையால் மட்டும் அது நின்ற எடுத்துக்காட்டு அரிது.

தங்கவயல் முதல் வகையில் பிறந்து இரண்டாம் வகைக்கு நகரும் ஊர். தங்கவயலுக்குச் சுரங்கத் தொழிலாளர்களையும் மேற்பார்வையாளர்களையும் அனுப்பிய கார்ன்வால், தன் சுரங்க நிலப்பரப்பை 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கைவிடப்பட்ட இயந்திரக் கூடங்களின் கல்லும் கூரையும் அங்கே திட்ட அனுமதியின் பகுதியாகிவிட்டன. கர்நாடகத்திலும் அதற்கான கருவி சட்டத்தில் இருக்கிறது. 1961 ஊரமைப்புச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பாரம்பரியக் கட்டட வரையறை, கட்டடக்கலை, அழகியல், வரலாறு, பண்பாடு ஆகிய மதிப்புகளில் எதன் பேரிலும் ஒரு கட்டடத்தை அறிவிக்கத் திட்ட ஆணையத்துக்கு வழி தருகிறது. அப்படி அறிவித்துவிட்டால் வெளிப்புறப் பொருளும் நிறமும் விலக்குப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடும். ஊர்காமின் பங்களாக்களுக்கும் தேவாலயங்களுக்கும் சுரங்கக் கோபுரங்களுக்கும் இது பொருத்தமான வழி. ஆயிரக்கணக்கான லைன் வீடுகளுக்கு இதை நீட்டினால், ஒழுகும் கூரையை மாற்றவும் குழுவின் அனுமதிக்காகக் காத்திருக்கும் நிலை வரும். இந்த ஊரின் வரலாற்றில் அதற்குக் கம்பெனி உத்தரவு என்று பெயர் இருந்தது.

மாற்ற விரும்புகிறவர் செய்ய வேண்டியது

பேட்டையில் அனுமதி பெற்றுக் கட்டுகிறவர் நிறத்தை மாற்ற யாரிடமும் போக வேண்டியதில்லை. பூச்சுக்குப் பதில் கல்லோ பலகையோ என்றால், சுவர் வெளியே வரும் அளவையும் கூடும் எடையையும் கட்டட அமைப்புப் பொறியாளரிடம் கேட்டு, விட வேண்டிய இடம் குறைந்தால் நகரசபையில் திருத்த வரைபடம் கொடுப்பது அவசியம். ஓடுகளையோ ஷீட்டையோ எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவதைக் கூரை வேய்தல் என்ற விலக்குக்குள் நுழைக்க முடியாது. அது புதுக் கட்டுமானமாகவே கருதப்பட வேண்டியது. கூரையின் நிறத்தை மட்டும் மாற்றுகிறவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 2017-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட நெறிமுறை, குளிர்கூரை என்று ஏற்க வெயிலில் 60 விழுக்காட்டையாவது திருப்பி அனுப்பும் பரப்பு வேண்டும் என்கிறது. வெள்ளைப் பூச்சு அதை எளிதாக எட்டும். தங்கவயலில் அந்த வெள்ளையின் மேல் தூசி படிந்துவிடுவதால், அடிக்கடி கழுவினால்தான் பலன் தொடரும்.

லைன் பகுதியில் நிலைமை வேறு. அங்கே ஒப்பிட்டுப் பார்க்க நகரசபை முத்திரையிட்ட வரைபடமே கிடையாது. வீடுகள் குடியிருப்பவர் பெயருக்கு முறையாக மாறும்போது ஒவ்வொன்றுக்கும் முதன்முறையாக அளந்து வரைபடம் போட வேண்டியிருக்கும். தேசிய நெறித்தொகுப்பின்படி விண்ணப்பத்தோடு பொருள்களின் வகையையும் தரத்தையும் சொல்லும் விவரத் தாளும் இணைய வேண்டும். அளக்கிறவர் அன்று கண்ணால் காண்பதையே அந்தத் தாளில் எழுதுவார்: ஷீட் கூரை, டைல்ஸ் ஒட்டிய முன்சுவர், ஊதா நிற எமல்ஷன். அந்த வீட்டைப் பொறுத்தவரை சட்டம் அறிந்த மூலத் தோற்றம் அதுவாகவே இருக்கும். பிற்காலத்தில் யாராவது அங்கே மங்களூர் ஓடு ஏற்ற நினைத்தால், அனுமதிக்குப் பிந்திய மாற்றம் என்ற கணக்கில் வருவது அந்த ஓடுதான்.